பூட்டிய வீட்டில் ஒரு வாயில்லா ஜீவன்



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை நீளும் ஆலைப் பகுதிக்குப் பிழைப்புத் தேடி வந்து குடியேறிய நம் குடும்பங்களில் பிராணி வளர்ப்பு பரவலாகி வருகிறது. பெரும்பாலும் பூனை, சில வீடுகளில் முயல், கூண்டுப் பறவைகள், கண்ணாடித் தொட்டியில் மீன்கள். இப்போது கைபேசிக் காணொளிகளின் புண்ணியத்தில் பிள்ளைகள் புதிது புதிதாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அவற்றுள் ஒன்று ஃபெரெட். கீரியைப் போல் நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட, மேலை நாட்டு வீடுகளில் துள்ளிக் குதித்து விளையாடும் அந்தச் சிறு பிராணியைப் பார்த்த பிள்ளைக்கு ஆசை வருவது இயல்பே. அந்த ஆசையைக் கடிந்து அடக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஆசைக்கும் வீட்டுக்குள் கொண்டுவருவதற்கும் இடையில் பெற்றோர் சற்று நின்று யோசிக்க வேண்டிய செய்திகள் பல உண்டு. மார்க்கத்தின் பக்கமிருந்தும் மருத்துவத்தின் பக்கமிருந்தும் அவற்றைச் சேர்த்தே பார்ப்போம்.

ஃபெரெட்டைப் பற்றிய பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஐரோப்பியக் காட்டு விலங்கு ஒன்றிலிருந்து, முயல் வளைகளுக்குள் அனுப்பி வேட்டையாடுவதற்காக 2000 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் பழக்கி வளர்த்த பிராணி அது. குளிர் நாட்டு உடல்வாகு. வியர்த்துத் தணியும் வசதி அதற்கில்லை. வெப்பம் 30 டிகிரியை நெருங்கினாலே அதற்கு ஆபத்து தொடங்குகிறது. நம் பகுதியில் சித்திரை, வைகாசி மாதங்களின் வெயில் 40 டிகிரியைத் தொடும் நாள்கள் உண்டு. மின்சாரம் ஒரு மதியம் நின்றுபோனால் அந்த உயிரின் கதி என்ன? தெருநாய்களிடம் சாதாரணமாகக் காணப்படும் டிஸ்டெம்பர் என்ற நோய் தொற்றினால் ஃபெரெட் பிழைப்பது அரிதினும் அரிது. அந்தக் கிருமி நம் செருப்பிலும் உடையிலும் ஒட்டிக்கொண்டே வீட்டுக்குள் வரக்கூடும். நாளொன்றுக்குச் சில மணி நேரமாவது கூண்டைவிட்டு வெளியே ஓடியாடினால்தான் அது நலமாக இருக்கும். நம் ஊர்க் கால்நடை மருத்துவர்களோ ஆடு, மாடு, கோழி, நாய், பூனை ஆகியவற்றுக்கே பழகியவர்கள். இத்தனையும் தெரிந்த பிறகு அதை இங்கே கொண்டுவருவது பிள்ளையின் மகிழ்ச்சிக்காக ஒரு ஜீவனை அடுப்பில் வைப்பதற்கு ஒப்பாகும் என்பதே நம் கருத்து.

‘அது கீரி மாதிரிதானே, இங்கே முள்ளுக்காட்டில் கீரிக்குட்டி கிடைக்குமே’ என்று சொல்லும் பெரியவர்களும் இருக்கிறார்கள். கீரியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். தலைமுறை தலைமுறையாக நம் வீட்டு வாசல்களில் கூண்டில் தொங்கிய பச்சைக்கிளிக்கும் இதே சட்டம்தான். பலருக்கு இது இன்னும் தெரியவில்லை. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டிகளில் மூச்சுத் திணறிக் கிடக்கும் சிறு குரங்குகளையும் ஆமைகளையும் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறையினர் கைப்பற்றும் செய்தி அடிக்கடி வருகிறதே, அந்த வணிகம் நடப்பது புதுமையான பிராணி வேண்டும் என்று கேட்பவர்கள் இருப்பதால்தான். ஹராமான வழியில் வந்த பொருளை வீட்டில் வைக்கத் தயங்கும் நாம், இப்படி வந்த உயிரையும் அதே கண்கொண்டு பார்க்க வேண்டும்.

ஆக, நம் கைக்கு எட்டுவது பூனைதான். அதற்கு நம் மார்க்கத்தில் இருக்கும் இடமும் தனியானது. அபூ ஹுரைரா (ரலி) அவர்களுக்கு அந்தப் பெயரே பூனைக்குட்டியால் வந்தது என்பதை மக்தபுப் பிள்ளையும் சொல்லும். ஆனால் அபூ கத்தாதா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியை அத்தனை பேர் நினைவில் வைத்திருப்பதில்லை. அவர் ஒளுச் செய்ய மருமகள் கப்ஷா தண்ணீர் எடுத்து வைக்கிறார். ஒரு பூனை வந்து அதில் வாய் வைக்கிறது. விரட்டுவதற்குப் பதிலாக அவர் பாத்திரத்தையே அதன் பக்கமாகச் சாய்த்துக் கொடுக்கிறார். மருமகள் வியந்து பார்க்க, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றிச் சுற்றி வரும் பிராணிகளுள் ஒன்று என்ற கருத்தை நபி (ஸல்) அவர்களிடமிருந்து கேட்டதாக விளக்குகிறார். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

‘சுற்றி வரும் பிராணி’ என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. நம் பாட்டன்மார் வீடுகளில் பூனை இருந்த விதம் அதுதான். கொல்லைக் கதவு திறந்திருக்கும், அடுப்படியில் மீன் ஆயும் நேரம் பார்த்து வரும், மதில் ஏறிப் போகும், எலி பிடிக்கும், இரண்டு நாள் காணாமல் போய்த் திரும்பும். அதை யாரும் ‘வளர்த்ததில்லை’. தன் பிழைப்பைத் தானே பார்த்துக்கொண்டது. வீட்டார் கொடுத்தது மிச்சம் மீதி. அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரகடத்து அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் பூனை எங்கே சுற்றும்?

இங்கேதான் மற்றொரு ஹதீஸ் நம்மை நேராகப் பார்த்துக் கேள்வி கேட்கிறது. பூனையொன்றைக் கட்டிவைத்துச் சாகவிட்ட பெண் அதன் பொருட்டு வேதனை செய்யப்பட்ட செய்தியைப் புகாரியும் முஸ்லிமும் அறிவிக்கின்றன. அவள்மீது சொல்லப்பட்ட குற்றத்தை உற்றுப் பார்த்தால் அதில் இரண்டு பகுதிகள் தெரியும். அவள் உணவளிக்கவில்லை, பூமியின் சிறு பிராணிகளைத் தேடித் தின்னும்படி அவிழ்த்தும் விடவில்லை. அதாவது அவளுக்கு இரு வழிகள் இருந்தன. இரண்டில் ஒன்றைச் செய்திருந்தாலும் தப்பியிருப்பாள். அடுக்ககத்தில் வாழும் நாம் கதவைச் சாத்தும்போதே இரண்டாவது வழியை அடைத்துவிடுகிறோம். அடைத்ததில் தவறில்லை, வெளியே கண்டெய்னர் லாரிகளும் டிரெய்லர்களும் இரவு பகலாக ஓடும் சாலையில் பூனையை விடுவது அதைக் கொல்வதற்குச் சமம். ஆனால் அடைத்த நொடியிலிருந்து முதல் வழி முழுவதும் நம் தலையில் விழுகிறது. உணவு, நீர், காற்று, மருந்து, துணை ஆகிய எல்லாவற்றுக்கும் நாமே பொறுப்பு. பிராணிக்கு உரியவன் அதற்குச் செலவு செய்வது கடமை என்றும், அவன் மறுத்தால் விற்கவோ விட்டுவிடவோ காஜி அவனைக் கட்டாயப்படுத்தலாம் என்றும் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. மனைவி மக்களின் ஜீவனாம்சம் பேசப்படும் பாடத்திலேயே பிராணியின் ஜீவனாம்சமும் வருகிறது என்பதை நம்மில் பலர் கவனித்ததில்லை.

இந்தப் பகுதியின் வாழ்க்கை முறைக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்று பாருங்கள். ஷிப்ட் 8 மணி நேரம். கம்பெனி பஸ்ஸில் போக வர ஆகும் நேரத்தையும் ஓவர்டைமையும் சேர்த்தால் 11, 12 மணி நேரம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பும் வரை பூனை தனியே இருக்கிறது. வளர்ந்த பூனை பகலில் பெரும்பகுதி உறங்குவதால் இதைத் தாங்கும், நீரும் உணவும் மணல் தட்டும் ஒழுங்காக இருந்தால். 3 மாதக் குட்டி தாங்காது. ஒற்றைக் குட்டியைவிட ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளை வளர்ப்பது எளிது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான். இரண்டும் ஒன்றையொன்று விளையாட வைத்துக்கொள்ளும். மேல்தளத்து வீடு என்றால் மொட்டை மாடியின் சூடு பிற்பகலில் அறைக்குள் இறங்கிவிடும். குளிர்ந்த தரையுள்ள குளியலறைப் பக்கம் திறந்திருக்க வேண்டும். தண்ணீர் இரண்டு மூன்று இடங்களில் இருக்க வேண்டும். பால்கனிக்கு வலை கட்டாயம். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலூன்றிப் பிழைத்துவிடும் என்பது பாதி உண்மை. மாடியிலிருந்து விழுந்து தாடையும் மார்பும் நொறுங்கிய பூனைகளைக் கால்நடை மருத்துவர்கள் வழக்கமாகவே காண்கிறார்கள்.

சென்னைக் கடைகளில் விற்கும் பெர்சியன் பூனையை நாடுவோருக்கு ஒரு சொல். தட்டையான மூக்கால் அதற்கு மூச்சு விடுவதே சிரமம். கண்ணில் நீர் வடிந்துகொண்டே இருக்கும். அடர்ந்த முடியை நாள்தோறும் சீவாவிட்டால் சடைபிடித்துத் தோல் புண்ணாகும். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் உண்டாகும் பரம்பரை நோயும் அந்த இனத்தில் அதிகம். பூனையின் விலையைப் பற்றி ஸஹீஹ் முஸ்லிமில் ஒரு தடை வந்திருப்பதும், பெரும்பாலான இமாம்கள் விற்பனையை அனுமதித்து அத்தடைக்கு வேறு விளக்கம் தந்திருப்பதும் அறிந்ததே. அந்த விவாதத்துக்குள் நாம் போகவில்லை. பணம் கொடுத்து இந்த வெயிலுக்கு ஒவ்வாத ஓர் உயிரை வாங்குவதைக் காட்டிலும், ஆலைக் கான்டீன் வாசலில் தாயை இழந்து கத்தும் நாட்டுப் பூனைக்குட்டியைத் தூக்கி வருவது எல்லா வகையிலும் மேலானது என்பதே நம் எண்ணம்.

உணவு விஷயத்தில் நம் வீடுகளில் நடக்கும் பிழைகள் பெரும்பாலும் அன்பினால் விளைபவை. பூனை ஊன் உண்டே வாழப் படைக்கப்பட்டது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து கிடைக்காவிட்டால் அதன் பார்வை மங்கும், இதயம் பலவீனப்படும். பால்சோறும் தயிர்சோறும் போட்டு வளர்ப்பது மெல்லப் பட்டினி போடுவதே. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. அதற்காக வெள்ளிக்கிழமை பிரியாணியின் மிச்சத்தை வைக்கவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் அதன் இரத்த அணுக்களைச் சிதைக்கும். சமைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். ஆணம் காய்ச்சுவதற்கு முன், மசாலா சேராத கறித் துண்டு, கோழி இதயம், முள் நீக்கிய மத்தி ஆகியவற்றை வெறுமனே வேகவைத்து எடுத்து வைப்பது எந்த உம்மாவுக்கும் பெரிய வேலையன்று. கடையில் விற்கும் உலர் தீனி கொடுப்பவர்கள் தண்ணீருக்கு இரட்டிப்புக் கவனம் செலுத்த வேண்டும். நீர் குறைந்தால் ஆண் பூனைக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் முக்கிவிட்டு ஒன்றும் வராமல் திரும்பினால், அது மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டு நாள் தாமதித்தால் உயிர் போய்விடும். அருகில் உள்ளவர்களால் இயலாவிட்டால் வேப்பேரி இருக்கிறது. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர்.

நம் அலமாரியிலேயே இருக்கும் விஷங்களையும் சொல்லிவிட வேண்டும். காய்ச்சல் என்று மனிதருக்கான பாராசிட்டமால் மாத்திரையில் பாதியைக் கொடுத்துப் பூனையைக் கொன்றவர்கள் உண்டு. அதன் ஈரலால் அந்த மருந்தை முறிக்க இயலாது. தரை துடைக்கும் பினாயிலும் அப்படியே. நஜீஸ் பட்ட இடம் என்று தாராளமாக ஊற்றித் துடைக்கிறோம். பூனை அதில் நடந்து பாதத்தை நக்குகிறது. நாய்க்கான உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவினால் வலிப்பு வரும்.

தடுப்பூசி இல்லாமல் பூனை வளர்க்கலாகாது. வெறிநோய் நாயால் மட்டும் வருவதன்று. குட்டிக்கு 3 மாதம் ஆனதும் போட்டு, பிறகு மருத்துவர் சொல்லும் கால இடைவெளியில் தொடர வேண்டும். பூனைகளைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும் வாந்திபேதி நோய்க்கான ஊசி வேறு. பிள்ளைகள் பூனை பிறாண்டியதைத் திட்டுக்குப் பயந்து மறைப்பார்கள். மறைக்காமல் சொல்லும்படி முன்கூட்டியே தைரியம் கொடுத்து வையுங்கள். கடியோ கீறலோ எதுவானாலும் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். வீட்டில் கர்ப்பிணிப் பெண் இருந்தால் மணல் தட்டை மற்றவர்கள் நாள்தோறும் அள்ளிவிட வேண்டும். பூனையின் மலத்தில் வரும் ஒருவகைக் கிருமி கருவைப் பாதிக்கக்கூடியது. பூனையைத் துரத்த வேண்டியதில்லை, கணவர் மண்வெட்டிக் கரண்டியைக் கையில் எடுத்தால் போதும்.

தொழுகையைப் பற்றிப் பலருக்கும் ஐயம் இருக்கிறது. பூனை வாய் வைத்த நீர் ஷாஃபிஈ மத்ஹபில் தூய்மையானதே. ஹனஃபி மத்ஹபில் வேறு நீர் இருக்கும்போது அதைப் பயன்படுத்துவது விரும்பத்தகாதது. உதிர்ந்த முடி ஹனஃபிகளிடம் நஜீஸ் அல்ல. ஷாஃபிஈகளிடம் அது நஜீஸ் என்றாலும் சிறிதளவு மன்னிக்கப்படுகிறது. சிறுநீரும் மலமும் இரு மத்ஹபுகளிலும் நஜீஸே. எனவே முஸல்லாவை மடித்து உயரத்தில் வைப்பதும், தொழும் உடையைத் தனியே மாட்டுவதும் போதுமான பேணுதல். இதற்கு மேல் வஸ்வாஸுக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை.

இதைவிடக் கடினமானது கருத்தடைக் கேள்வி. பெண் பூனை 5, 6 மாதத்திலேயே பருவமடைந்து இரவெல்லாம் கத்தும்; சினைக்காலம் 2 மாதத்துக்குச் சற்றே மேல்; ஆண்டில் இரண்டு மூன்று முறை ஈனும். உண்ணப்படாத பிராணிக்குக் காயடிப்பதை ஷாஃபிஈ நூல்கள் தடுக்கின்றன. பயன் இருப்பின் ஹனஃபி நூல்கள் அனுமதிக்கின்றன. தீங்கைத் தவிர்க்கும் பொருட்டு அறுவைச் சிகிச்சையை ஆகுமாக்கும் இக்கால ஆலிம்களும் இருக்கிறார்கள். நாம் ஃபத்வா கொடுக்கும் தகுதி உடையவர்கள் அல்லர். உங்கள் மஹல்லா ஹஜ்ரத்திடம் கேளுங்கள். ஆனால் கேட்கும்போது முழு நிலையையும் சொல்லிக் கேளுங்கள். பேணுதலின் பெயரால் அறுவையைத் தவிர்த்துவிட்டு, ஈன்ற 5 குட்டிகளையும் அட்டைப் பெட்டியில் வைத்து வாலாஜாபாத் சாலையோரம் விட்டு வருவது நம்மவரிடமும் நடக்கிறது. கேள்வியில் அந்த அட்டைப் பெட்டியும் இடம்பெற வேண்டும்.

அண்டை வீட்டாரை மறந்துவிடலாகாது. குடியிருப்போர் சங்கங்கள் பிராணி வளர்ப்பைத் தடைசெய்ய முடியாது என்று இந்தியப் பிராணிகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டதைச் சிலர் கேடயமாகப் பிடிக்கிறார்கள். சட்டம் நம் பக்கம் இருக்கலாம். படிக்கட்டில் நாறும் மணலும், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பூனை முடியால் வரும் இளைப்பும் அண்டை வீட்டார் உரிமை என்ற வேறொரு கணக்கில் எழுதப்படும்.

பிள்ளைகளுக்காகவே வளர்க்கிறோம் என்போர் அபூ உமைரை நினைத்துக்கொள்ளட்டும். அனஸ் (ரலி) அவர்களின் தம்பியான அந்தச் சிறுவன் விளையாடிய சிட்டு இறந்துபோனது. நபி (ஸல்) அவர்கள் அவனிடம் அந்தச் சிட்டைப் பற்றிப் பரிவோடு விசாரித்தார்கள். அந்தச் சிறு உரையாடலிலிருந்து 60-க்கும் மேற்பட்ட படிப்பினைகளைத் தொகுத்து ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ் தனி நூலே எழுதினார். நம் வீடுகளிலோ பூனை செத்தால் ‘போகட்டும், வேறு வாங்கித் தருகிறேன்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். உயிரும் பொம்மையும் ஒன்றென்று அந்த வரி பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிடுகிறது.

இனி, எல்லாவற்றிலும் பெரிய சிக்கலுக்கு வருவோம். பூனையின் ஆயுள் 12 முதல் 15 ஆண்டு. இந்தப் பகுதியில் நம் வேலையின் ஆயுள் எத்தனை? 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேறு வேலை தேடிக் கலைந்தார்கள். ஒப்பந்தத் தொழிலாளருக்கு ஓராண்டு, ஈராண்டுதான் உறுதி. வாடகை வீடோ 11 மாதப் பத்திரம். வீடு காலி செய்யும் நாளில் மிக்ஸியும் கட்டிலும் வண்டியில் ஏற, பூனை படிக்கட்டில் நிற்கிறது. பசியால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம்தான். முதல் முறைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய். அந்த 50 ரூபாய்க்குப் பயந்து எவரும் பூனையைக் கூட்டிக்கொண்டு போகப் போவதில்லை.

ஆகவே அடுத்த 10 ஆண்டில் எங்கே இருப்போம் என்று சொல்ல இயலாதவர்கள் பூனை வளர்க்காமல் இருப்பதே நல்லது என்று நாம் வெளிப்படையாகச் சொல்கிறோம். பிள்ளை அழுதால் மொட்டை மாடியில் பறவைகளுக்கு மண்சட்டியில் நீர் வைக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படையுங்கள். தெருப் பூனைக்கு வாசலில் ஒருவேளை உணவு வைப்பதற்கும் நன்மை உண்டு. ஈரமான ஈரலுள்ள ஒவ்வோர் உயிரின் பொருட்டும் கூலி உண்டு என்பது நமக்குக் கிடைத்த வாக்குறுதி. அதற்கு நிரந்தர முகவரி தேவையில்லை.

ஏற்கெனவே வளர்ப்பவர்கள் பெருநாளுக்கு ஊர் போகும் ஏற்பாட்டை இப்போதே செய்யத் தொடங்கலாம். திருநெல்வேலிக்கோ கீழக்கரைக்கோ போய்த் திரும்ப 4, 5 நாள் ஆகும். ஒரு வாளி தண்ணீரும் ஒரு தட்டுத் தீனியும் வைத்துப் பூட்டிவிட்டுப் போவது முன்பு சொன்ன அந்தப் பெண்ணின் செயலிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. நம் ஜமாஅத்துக் குடும்பங்களுக்குள்ளேயே முறை வைத்துக்கொள்ளலாம். நோன்புப் பெருநாளுக்கு ஊர் போகாத வீட்டார் போகிறவர் பூனையைப் பார்த்துக்கொண்டால், ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அவர்கள் இவர்களுடையதைப் பார்த்துக்கொள்ளலாம். முஸ்லிமல்லாத அண்டை வீட்டாரும் மகிழ்ச்சியோடு உதவுவார்கள். கேட்பதற்குத்தான் நாம் கூச்சப்படுகிறோம். சாவியோடு மருத்துவரின் தொலைபேசி எண்ணையும், தீனியின் அளவையும், பூனையைக் கூப்பிடும் பெயரையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள்.